ஏரிக்கரையில் ஓர் அறிவுப்பண்ணை

நுழையும்முன்

கல்வி யாருக்கு உரியது? ஆய்வுக்கூடத்தில் விளையும் அறிவு யாரைச் சென்று சேர வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, உயர்கல்வி என்பது சமயப் பணியாளர், வழக்குரைஞர், மருத்துவர் ஆகியோரை உருவாக்குவதாகவே உலகின் பல பகுதிகளில் இருந்தது. உழவரின் மக்களுக்கும் தொழிலாளரின் மக்களுக்கும் அதன் வாயில் திறக்கவில்லை. அவ்வாயிலைத் திறந்த முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகத் திட்டம். அத்திட்டத்தில் வளர்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது. அதன் சாதனைகளோடு, அது விடை காண வேண்டியிருந்த வினாக்களும் இதில் இடம்பெறுகின்றன.

நிலத்தால் எழுந்த கல்லூரிகள்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்தவர் ஜஸ்டின் மோரில். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், குடும்பச் சூழலால் பதினைந்தாம் வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்தினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தமக்குக் கிட்டாத உயர்கல்வி உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கிட்ட வேண்டும் என விரும்பினார். வேளாண்மையையும் பொறியியல் தொழில்களையும் கற்பிக்கும் கல்லூரிகளை ஒவ்வொரு மாநிலமும் நிறுவ வழிசெய்யும் சட்டவரைவை முன்மொழிந்தார். அது நிறைவேறியபோதும், 1859இல் குடியரசுத் தலைவர் புக்கானன் ஒப்புதல் தர மறுத்தார். மோரில் தளரவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் மீண்டும் நிறைவேறிய அச்சட்டத்தில், 1862 ஜூலை 2 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் அமைப்பு எளிமையானது. நடுவணரசிடம் அப்போது பணம் குறைவு, நிலம் மிகுதி. எனவே, ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் எத்தனை உறுப்பினர்கள் உள்ளனரோ, அவர்களில் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் ஒதுக்கப்பட்டது. மாநிலம் அந்நிலத்தை விற்று, கிடைக்கும் தொகையை முதலீடு செய்ய வேண்டும். முதல் குறையாமல் காக்கப்பட வேண்டும். வட்டி மட்டுமே கல்லூரிக்குச் செலவிடப்பட வேண்டும். அத்தொகையில் கட்டடம் எழுப்பக்கூடாது. ஆனால், அதில் பத்தில் ஒரு பங்கு வரை செலவிட்டுச் சோதனைப் பண்ணைக்கான நிலம் வாங்கலாம். வேளாண்மையும் தொழிற்கலையும் முதன்மைப் பாடங்களாக இருக்கும். இலக்கியமும் அறிவியலும் விலக்கப்படமாட்டா. உழவர் மகன் உழவை மட்டும் கற்றால் போதும் என்று சட்டம் கருதவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இத்திட்டத்தைப் பின்வந்த சட்டங்கள் நிறைவு செய்தன. 1887ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளோடு இணைந்த வேளாண் ஆய்வு நிலையங்களுக்கு நிதி வழங்கியது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வின் பயனை ஊர்தோறும் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணியை உருவாக்கியது. கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என்னும் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கடமைகளாயின. நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தின் தனித்தன்மை இம்மூன்றின் இணைப்பே ஆகும்.

யாருடைய நிலம்?

கொடையாக வழங்கப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம் வெறுமையாகக் கிடந்ததன்று. அது அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். போராலும் வற்புறுத்தலாலும், நிகரற்ற இரு தரப்புக்கிடையே எழுதப்பட்ட உடன்படிக்கைகளாலும் அவர்களிடமிருந்து பெறப்பட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மாடிசன் நகரப் பகுதி ஹோசங்க் என்னும் பூர்வகுடியினருக்குரியது. நான்கு ஏரிகள் என்னும் பொருளில் அவர்கள் தம் மொழியில் அதற்குப் பெயரிட்டிருந்தனர். 1832ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாக அந்நிலத்தை விட்டுக்கொடுக்குமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். பலமுறை அங்கிருந்து அகற்றப்பட்டபோதும், அவர்கள் மீண்டும் மீண்டும் தம் தாய்மண்ணுக்குத் திரும்பி வந்தனர்.

பல்கலைக்கழக வளாகத்தில் அவர்களின் முன்னோர் எழுப்பிய பழமையான மண்மேடுகள் இன்றும் உள்ளன. வளாகத்தின் உயர்ந்த குன்றில், நிலக்கொடைச் சட்டத்தில் கையொப்பமிட்ட லிங்கனின் சிலை அமர்ந்த நிலையில் காட்சியளிக்கிறது. நிலம் பறிக்கப்பட்ட வரலாற்றை வெளிப்படையாகக் கூறும் நினைவுப் பலகையைப் பல்கலைக்கழகம் 2019இல் நிறுவியது. ஒரு மக்கள்தொகுதிக்குக் கல்வியின் வாயிலைத் திறந்த சட்டமே மற்றொரு மக்கள்தொகுதியின் இழப்பின்மீது நின்றது என்னும் உண்மையை அச்சிலையும் மேடுகளும் பலகையும் சேர்ந்தே நமக்கு உணர்த்துகின்றன.

கொடையின் பயனும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. விஸ்கான்சின் தனக்குக் கிடைத்த 2,40,000 ஏக்கரை விரைந்து, குறைந்த விலைக்கு விற்றுவிட்டது. தன் எல்லைக்குள் பொதுநிலம் இல்லாத நியூயார்க் மாநிலத்துக்கு வேறிடத்து நிலத்தைப் பெறும் உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அவற்றைக் கொண்டு எஸ்ரா கார்னெல் என்பவர் விஸ்கான்சினின் பைன்மரக் காடுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கரைத் தேர்ந்தெடுத்தார். விலை உயரும்வரை அந்நிலம் காக்கப்பட்டமையால், கார்னெல் பல்கலைக்கழகம் பெருஞ்செல்வம் பெற்றது. ஒரு மாநிலத்தின் காடு மற்றொரு மாநிலத்தின் கல்விக்கு உரமாயிற்று.

பனிக்காலப் பாடம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1848இல், அம்மாநிலம் உருவான ஆண்டிலேயே நிறுவப்பட்டது. மெண்டோட்டா ஏரியின் தென்கரையில் அமைந்த அதன் முதல் வகுப்பு 1849 பிப்ரவரியில் 17 மாணவர்களுடன் தொடங்கியது. 1866இல் அது மாநிலத்தின் நிலக்கொடைக் கல்வி நிறுவனமாகவும் ஆயிற்று.

தொடக்கத்தில் வேளாண் கல்விக்கு வரவேற்பு இல்லை. ஏட்டைப் படித்து ஏர் பிடிக்க முடியுமா என்று உழவர்கள் ஐயுற்றனர். வயலில் வேலை மிகுந்த காலத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதும் அவர்களால் இயலாததாயிற்று. இதனை உணர்ந்த பேராசிரியர்கள் உழவரின் காலத்துக்கேற்பக் கல்வியை மாற்றியமைத்தனர். வயல்களைப் பனி மூடியிருக்கும் குளிர்கால வாரங்களில் மட்டும் நடைபெறும் குறுகியகாலப் படிப்பு 1880களின் நடுவில் தொடங்கப்பட்டது. 1885 முதல் ஊர்களுக்கே சென்று நடத்தும் உழவர் பயிலரங்குகளுக்கு மாநிலச் சட்டமன்றம் நிதி வழங்கியது.

அக்காலத்தில் விஸ்கான்சின் உழவர்கள் பெரும் நெருக்கடியில் இருந்தனர். ஆண்டுதோறும் கோதுமையே விதைத்ததால் மண் வளமிழந்தது; பூச்சிகளும் பயிரை அழித்தன. மேய்ச்சல் நிலமும் கறவை மாடுமே இனி வாழ்வளிக்கும் என்ற நிலையில் அவர்கள் பால் உற்பத்திக்கு மாறினர். அம்மாற்றம் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது.

நேர்மையை அளந்த கருவி

பாற்கூடங்களில் பாலுக்கு எடையைக் கொண்டே விலை தரப்பட்டது. கொழுப்பு மிகுந்த பாலுக்கும் நீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை. ஆடையை எடுத்துவிட்டு ஊற்றியவரும் அதே தொகையைப் பெற்றார். இதனால் நேர்மையான உழவர் இழப்புக்கு உள்ளானார்; அண்டை வீட்டாரிடையே ஐயமும் பூசலும் வளர்ந்தன.

வேளாண் வேதியியல் பேராசிரியர் ஸ்டீஃபன் பாப்காக் இதற்குத் தீர்வு கண்டார். குறுகிய கழுத்தில் அளவுக்கோடுகள் இட்ட குடுவையில் பாலை எடுத்து, கந்தக அமிலத்தைச் சேர்த்தார். அமிலம் பாலிலுள்ள புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவித்தது. பின்னர், குடுவையை மையவிலக்குக் கருவியில் சுழற்றி வெந்நீர் ஊற்றியபோது, கொழுப்பு மேலெழுந்து குடுவையின் கழுத்தில் நின்றது. அதன் உயரத்தைப் பார்த்தாலே கொழுப்பின் அளவு தெரிந்துவிடும். ஆய்வுக்கூட வல்லுநரின் துணையின்றி, பாற்கூடத்துப் பணியாளரே சில நிமிடங்களில் இதனைச் செய்யலாம்.

1890இல் இம்முறையை வெளியிட்ட பாப்காக், அதற்குக் காப்புரிமை பெறவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நிகழ்ந்த ஆய்வின் பயன் மக்களுக்கே உரியது என அவர் கருதினார். அவர் முறை உலகின் பல நாடுகளுக்கும் விரைந்து பரவியது. பாலின் எடைக்கன்றி அதன் தரத்துக்கு விலை தரும் வழக்கம் வேரூன்ற அது பெரிதும் துணைநின்றது. நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் கொழுப்பின் அளவைக் கணக்கிட்டே விலை கணக்கிடப்படுவதை நாம் காண்கிறோம்.

உணவில் மறைந்திருந்த பொருள்

வேதியியல் கணக்கில் சமமான இரு தீவனங்கள், மாட்டின் உடலுக்கும் சமமானவையா என்ற ஐயம் பாப்காக்கின் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்தது. 1907இல் அதனைச் சோதிக்கும் பெரிய ஆய்வு தொடங்கியது. 16 கிடாரிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு மக்காச்சோளப் பயிரும், மற்றொன்றுக்குக் கோதுமைப் பயிரும், மூன்றாவதற்கு ஓட்ஸ் பயிரும், நான்காவதற்கு மூன்றும் கலந்த தீவனமும் தரப்பட்டன. புரதமும் ஆற்றலும் நான்கிலும் சமம். ஆயினும், மக்காச்சோளம் உண்டவை செழித்தன. கோதுமை உண்டவை மெலிந்து, உயிரற்ற அல்லது வலுவற்ற கன்றுகளை ஈன்றன. அன்றைய வேதியியலின் கணக்குக்கு அகப்படாத ஏதோவொன்று உணவில் இருந்தது.

அந்த ஆய்வுக்குழுவில் இடம்பெற்ற எல்மர் மெக்காலம், மாடுகளைவிட விரைவில் விடைதரும் எலிகளைக் கொண்டு சோதனையைத் தொடர்ந்தார். மார்கரீட் டேவிஸ் என்னும் இளம் ஆய்வாளர் தொடக்கத்தில் ஊதியமின்றியே அவருக்குத் துணைபுரிந்தார். வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் உள்ளதென இருவரும் 1913இல் வெளியிட்டனர். இன்று நாம் வைட்டமின் ஏ என வழங்குவது அதுவே.

அறிவு யாருடைய உடைமை?

1920களில் அதே பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், உணவுப்பொருள்கள்மீது புற ஊதாக் கதிர்களைச் செலுத்தினால் அவற்றில் வைட்டமின் டி உண்டாவதைக் கண்டறிந்தார். சிறுவர்களின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்க அது வழிகாட்டியது. பெருநிறுவனங்கள் அவருக்குப் பெருந்தொகை தர முன்வந்தன. அவர் அதனை ஏற்கவில்லை. பாப்காக்கைப்போல் காப்புரிமையைக் கைவிடவும் இல்லை. காப்புரிமை பெற்று, அதன் வருவாயைப் பல்கலைக்கழக ஆய்வுக்கே திருப்பும் அறக்கட்டளை ஒன்றை 1925இல் உருவாக்கத் துணைநின்றார். விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளை என்னும் அவ்வமைப்பின் வருவாய் பின்னர் எண்ணற்ற ஆய்வுகளுக்கு வித்திட்டது.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. விஸ்கான்சின் பால் உற்பத்தியாளர்களின் நலனைக் கருதி, வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு அம்முறையைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டது. வெண்ணெய் வாங்க இயலாத ஏழைகளே மார்கரினை மிகுதியாக உண்டனர். நோயைத் தடுக்கும் அறிவு அதனை மிகவும் வேண்டியவர்களுக்கு எட்டாமற்போனது குறித்துக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. 1940களில் நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பாப்காக்கின் வழியா, ஸ்டீன்பாக்கின் வழியா என்னும் வினா இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களின்முன் நிற்கிறது.

பனிப்புயலில் வந்த உழவர்

1933 பிப்ரவரியில் ஒருநாள் கடும் பனிப்புயல் வீசியது. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து உழவர் ஒருவர் மாடிசன் நகருக்கு வண்டி ஓட்டி வந்தார். இறந்த கிடாரி ஒன்று, உறையாத குருதி நிறைந்த பால்கலம், கெட்டுப்போன தீவனம் ஆகியவை அவரிடம் இருந்தன. அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாகக் குருதி பெருகி மடிந்துகொண்டிருந்தன. விடுமுறை நாளாதலால் கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த வாயிலொன்றைக் கண்டு உள்ளே நுழைந்தார். அது கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் ஆய்வுக்கூடம்.

ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப்பயிர் ஈரத்தில் பூசணம் பிடித்தால், அதனை உண்ணும் மாடுகளுக்குக் குருதி உறையாது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. அத்தீவனத்தைத் தவிர்க்கவேண்டும் என்பதைத் தவிர அன்று லிங்கால் வேறெதுவும் கூற இயலவில்லை. வேறு தீவனம் வாங்க வழியில்லாத உழவர் வெறுங்கையுடன் திரும்பினார். ஆனால், அவர் விட்டுச்சென்ற குருதிக்கலம் லிங்கையும் அவர் மாணவர்களையும் உறங்கவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து, குருதி உறைதலைத் தடுக்கும் வேதிப்பொருளை 1939இல் அவர்கள் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின், 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. பின்னர், குருதிக்குழாய்களில் தேவையற்ற கட்டிகள் உண்டாவதைத் தடுக்கும் மருந்தாகவும் ஏற்கப்பட்டது. மாட்டைக் கொன்ற அதே பண்பு, உரிய அளவில் மனித உயிரைக் காக்கும் மருந்தாயிற்று. திறந்திருந்த கதவு தூண்டிவிட்ட ஆய்வு அது.

தெரிந்து தெளிவோம்

வார்ஃபரின் என்னும் மருந்துப்பெயரின் முற்பகுதி, ஆய்வுக்கு நிதி வழங்கிய விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளால் ஆனது. பிற்பகுதி, கூமரின் என்னும் வேதிப்பொருளின் பெயரிலிருந்து வந்தது.

மாநிலமே வளாகம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் நற்பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்று சேரும்வரை தாம் மனநிறைவு கொள்ளப்போவதில்லை என்றார். மாநிலத்தின் எல்லையே பல்கலைக்கழகத்தின் எல்லை எனப் பின்னர் சுருக்கமாக வழங்கப்பட்ட இக்கொள்கை, விஸ்கான்சின் கருத்தியல் எனப் பெயர்பெற்றது. இது வேளாண்மையோடு நிற்கவில்லை. பொருளியல் பேராசிரியர் ஜான் காமன்ஸ் தொழிலாளர் நலச் சட்டங்களை வகுக்க மாநில அரசுக்குத் துணைபுரிந்தார். பணியிடத்தில் காயமுற்ற தொழிலாளருக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1911இல் விஸ்கான்சினில் நடைமுறைக்கு வந்தது. அவருடைய மாணவர் எட்வின் விட்டி, 1935ஆம் ஆண்டு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றினார்.

மக்களோடு நெருங்கிய பல்கலைக்கழகம், அதிகாரத்தின் சினத்துக்கும் ஆளாக நேரும். 1894இல் பேராசிரியர் ரிச்சர்டு ஈலியின் எழுத்துகள் தொழிலாளர் கிளர்ச்சியைத் தூண்டுகின்றன என்று குற்றம் சாட்டப்பட்டது. விசாரித்த ஆட்சிக்குழு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. பதரை நீக்கி மணியைத் தேர்வதுபோல் அச்சமின்றி ஆராய்ந்தால் மட்டுமே உண்மை கிட்டும் என்றும் அது வலியுறுத்தியது. அவ்வாசகம் பொறித்த வெண்கலப் பலகையை 1910ஆம் ஆண்டு மாணவர்கள் வழங்கினர். நேரிய கருத்தானாலும் அதனை ஏற்கத் தயக்கம் இருந்தமையால், 1915இல்தான் அது கட்டடச் சுவரில் இடம்பெற்றது.

இந்தியத் தொடர்பு

இந்தியாவில் பிறந்த ஹர் கோபிந்த் கொரானா 1960 முதல் 1970 வரை இப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். மரபுக்குறியீட்டை விளக்கிய அவர் பணிக்கு 1968இல் நோபல் பரிசு கிடைத்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றபின் இங்கு வந்து உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்தார். அங்கேயே பேராசிரியராகத் தொடரும் வாய்ப்பு வந்தபோதும் அதனை ஏற்காமல் 1954இல் தாயகம் திரும்பினார். பின்னாளில் இந்தியாவின் பசுமைப் புரட்சிக்கு அவர் ஆற்றிய பணியை நாம் அறிவோம்.

நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தின் அமைப்புமுறையும் நம் நாட்டுக்கு வந்தது. அம்முறையைத் தழுவி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையுடன், 1960இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தோன்றியது. 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு மாறிய நிறுவனம், 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. ஆய்வின் பயனை உழவரிடம் சேர்க்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுள் இந்தியாவின் முதலாவது நிலையம், அப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974இல் புதுச்சேரியில் அமைக்கப்பட்டது.

நிறைவாக

இன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 50,000 பேர் பயில்கின்றனர். மனிதக் கருவின் குருத்தணுக்களை முதன்முதலில் பிரித்து வளர்த்த ஜேம்ஸ் தாம்சனின் 1998ஆம் ஆண்டு ஆய்வு, இங்கு நிகழ்ந்த அண்மைக்காலச் சாதனைகளுள் ஒன்று. பால் அளந்த குடுவையிலிருந்து குருத்தணு வரை நீளும் இவ்வரலாறு, மக்களின் அன்றாடத் துயரத்திலிருந்து உயர்ந்த அறிவியல் பிறக்க முடியும் என்பதைக் காட்டுகிறது. அதே வேளையில், ஒரு நிறுவனம் எவருடைய நிலத்தில் நிற்கிறது, எவருடைய பணத்தில் இயங்குகிறது, அதன் பயன் எவரைச் சேர்கிறது என்னும் வினாக்களை மறக்கலாகாது என்றும் அது கூறுகிறது. நாளை நீங்கள் நுழையவிருக்கும் கல்லூரியின் வாயிலிலும் இவ்வினாக்களை எழுப்புங்கள். பனிப்புயலில் வந்த உழவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது. உங்கள் கல்வியும் அவ்வாறு திறந்த கதவாக அமையட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்று, பாலின் தரம் அளக்கப்படும் முறையைக் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

2. 'பொதுப்பணத்தில் நிகழும் ஆய்வின் பயனுக்குக் காப்புரிமை வேண்டும் / வேண்டா' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் மாவட்டத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் பணிகளைத் தொகுத்து, அவற்றால் பயன்பெற்ற உழவர் ஒருவரிடம் நேர்காணல் நடத்துக.